பதினெட்டு அடிச் சரிவு

ராயக்கோட்டை,
12-5-1991

அன்பு மகள் சாந்தம்மாவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடுகளும் நலம், மாடுகள் எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலம், காரணம் பின்னால் வருகிறது. மஸ்கட் வெயிலில் நீயும் உன் ஆஸ்பத்திரி வேலையும் நலமாயிருக்கப் பெருமாள் துணை.

கோடையில் கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாள் என்று வாடகைக்கு விடுகிற நம் பின்வீட்டுக்கு, சேலத்து ஜோதிமணி டீச்சர் சக்கர நாற்காலியில் வருகிறார் என்று எழுதியிருந்தேனே, அதற்கு நீ அனுப்பிய அளவுகள் வந்து சேர்ந்தன. குளியலறைக் கதவை அகலமாக்கி வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தேன், தாழ்ப்பாளைக் கைக்கெட்டும்படி கீழே இறக்கினேன். வாசல்படிக் கட்டையை அறுக்க உன் அம்மா ஒப்புவாளோ என்று இரண்டு நாள் பயந்தேன், வெள்ளிக்கிழமை மஞ்சளை நிலைக்காலில் பூசிக்கொள்கிறேன், லட்சுமிக்கு வழி தெரியும் என்று சொல்லிவிட்டாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் உன்னைவிட எனக்கு அதிகம் தெரிந்திருந்தது. வாசலின் பதினெட்டு அங்குல உயரத்துக்குப் பதினெட்டு அடிச் சரிவு என்று எழுதியிருந்தாய், அது ரயில்வே பிளாட்பாரத்துக்கு ஆகும் என்று நினைத்து, தக்காளி மண்டியில் சாய்தளம் கட்டிப் பழகிய ராமப்பனை வைத்து ஆறடியில் முடித்தேன். எட்டுப் பெட்டி தக்காளியைத் தள்ளுவண்டியில் வைத்து ஏற்றிச் சோதித்தோம். ஒரு பழம்கூட நசுங்கவில்லை.

வியாழக்கிழமை டீச்சர் தங்கையோடு காரில் வந்தார். தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிப் பாதி ஏறினார், அப்படியே பின்னால் இறங்கிவிட்டார். இதை எதை ஏற்றிப் பார்த்துக் கட்டினீர்கள் சார் என்றார், தக்காளி என்றேன், தக்காளியைத் தள்ள ஆள் உண்டு இல்லையா என்றார். கணக்கு டீச்சர். டிரைவரும் ராமப்பனும் தூக்க வந்ததும் முகம் மாறிவிட்டது. ஆறு வருஷமாகப் போன இடமெல்லாம் மூட்டை மாதிரித் தூக்கி இறக்குகிறார்களாம், குளிக்கும்போதுகூடத் தங்கைதான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம், இங்கேயும் தூக்கினால் இப்படியே சேலத்துக்குத் திரும்புகிறேன் என்றார். நான் உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, மகள் சரியாகத்தானே எழுதியிருக்கிறாள், தபால் தாமதமா என்றார். இல்லைம்மா, தபால் வந்துட்டுது, இவருக்குத்தான் போய்ச் சேரலை என்றாள் உன் அம்மா.

ராமப்பன் ஆட்களோடு கொல்லை வேலியில் நட்டிருந்த கல்பலகைகளைப் பிடுங்கிவந்து, மண் கொட்டி இடித்து, அதன்மேல் பரப்பினான். டீச்சர் மாமர நிழலிலிருந்து அங்குலம் அங்குலமாகக் கணக்குச் சொன்னார். சாயங்காலம் பதினெட்டு அடி முடிந்தது. யாரும் தொடவில்லை, நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஏறி உள்ளே போனார். சற்று நேரத்தில் குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளேயிருந்து விழும் சத்தம் கேட்டது. துண்டோடு நின்றிருந்த தங்கை என்ன செய்வதென்று தெரியாமல் எங்களோடு வந்து உட்கார்ந்து காபி குடித்தாள், முழுசாக, சூடாக.

வேலி இல்லாததால் நம் மாடுகள் பக்கத்துத் தோட்டத்துக் கீரையை மேய்ந்து கொழுத்திருக்கின்றன. டீச்சர் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார், அதில் என்னுடையதையும் சேர்த்துக்கொள், நான் தனியாகச் சொல்லிப் பழகவில்லை. நீ நீண்ட ஆயுளோடு நன்றாயிருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. இனி அளவு எழுதினால், அப்பா இதைக் குறைக்கக் கூடாது என்று அடிக்கோடிட்டு எழுது. அடுத்த மே மாதத்துக்கும் டீச்சர் இப்போதே வீட்டைச் சொல்லி வைத்துவிட்டார். தனியாக வருகிறாராம்.

இப்படிக்கு,
உன் அப்பா
நாராயணப்பன்