கடைசித் தீவின் இளநீர்

அக்டோபர் 4, சனி

ஜகார்த்தாவிலிருந்து ஒரு சாகசக்காரன் வந்து இறங்கியிருக்கிறான். பெயர் கிலாங். படகிலிருந்து காலை எடுத்து வைக்கும் முன்பே தன் முகத்தைத் தானே படம் பிடித்துக்கொண்டு, "மனுஷன் காலே படாத இடம்" என்று கைபேசியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டு நான் நிற்கிறேன். மனுஷியாகத் தெரியவில்லை போலும்.

என் வீட்டுக்காரர் யெரெமியாசுக்கு வாயெல்லாம் பல். கேட்க ஆள் கிடைத்தால் இவருக்குச் சோறு வேண்டாம். முதலையோடு கட்டிப் புரண்ட கதையைச் சொன்னார். போன வாரம் வந்த தம்பதியிடம் அது சுறா.

அக்டோபர் 6

மெத்தையில் குறட்டை விட்டுவிட்டு, "இங்க கஷ்டமே இல்லையே" என்று குறைப்பட்டான் கிலாங். கஷ்டம் வேண்டுமாம். சோரோங் பட்டணத்துச் சந்தையில் மீன்கூடையோடு வெயிலில் வருஷக்கணக்காக உட்கார்ந்து பார்த்திருக்கிறானா? விருந்தாளிகள் தங்கும் இந்த இரண்டு குடிலையும் கடலுக்குள் மரம் ஊன்றி நானும் தம்பி லெவியும் கட்டிய பிறகுதான் அந்தச் சந்தையை விட்டேன். இவர் கரையில் நின்று யோசனை சொன்னார்.

அக்டோபர் 7

துரைக்குக் கடைசித் தீவில் தங்க வேண்டுமாம். ஆளில்லை, ஊற்றில்லை, தென்னை மட்டும்தான். அங்கே சாசி போட்டிருக்கிறது என்றேன். போதகர் ஜெபித்து, குருத்தோலையைக் கம்பத்தில் கட்டி மூடிய தோப்பு. சபை அதைத் திறந்துவிடும்வரை ஊரில் ஒருவரும் ஒரு குரும்பையைக்கூடத் தொடுவதில்லை. போன வருஷம் மூடியிருந்த குடாவில் ஒரு வெளியூர்க்காரன் சிப்பி எடுத்ததிலிருந்து மூப்பர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: இன்னொரு விருந்தாளி கை வைத்தால், விருந்தாளி தங்கும் வீடுகளையெல்லாம் மூடிவிட வேண்டியதுதான்.

"ஓலையைக் கட்டிட்டா பூட்டா?" என்று சிரித்தான். கூடவே இவரும் சிரித்தார். விருந்தாளி சிரித்தால் சிரிப்பது இவர் தொழில். பிறகு அடுப்படிக்கு வந்து, "நான் பாத்துக்கறேன் ஒக்தோ" என்றார்.

இவர் பார்த்துக்கொண்ட எது உருப்பட்டிருக்கிறது?

அக்டோபர் 8

இவரும் அவனும் போனார்கள். நான் நிரப்பி வைத்த தண்ணீர் கேன்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டான். மற்றவை கனமாம். படத்திலும் நன்றாக இராதாம்.

அக்டோபர் 9

காற்று. இருவரும் திரும்பி வரவில்லை.

அக்டோபர் 10

எங்கள் படகு ஆளில்லாமல் மிதந்து வந்து பாறையில் முட்டி நிற்கிறது. கயிறு நுனியில் ஏதோ விசித்திரமான முடிச்சு. இந்த அலையில் படகை இறக்க முடியாது என்கிறான் லெவி. அவன் சொல்வது சரிதான், ஆனாலும் அவன்மேல் எரிந்து விழுந்தேன்.

இவர் போய்விட்டால்? நான் யாரைத் திட்டுவது? — சீ, என்ன எழுதுகிறேன்.

அக்டோபர் 11

காலையில் காற்று அடங்கியது. நானும் லெவியும் போனோம்.

கிலாங் மர நிழலில் மாப்பிள்ளை மாதிரி சாய்ந்திருந்தான். சுற்றிலும் இளநீர்க் கூடுகள். இடுப்பு வாரைப் போட்டு மரம் ஏறினானாம், "இயற்கை குடுத்தது" என்றான். படகைக் கட்டியதும் அவன்தானாம், மலையேறிகள் போடும் முடிச்சாம். மலையிலேயே இருந்திருக்கலாமே.

இவர் தள்ளி, பாறையோரம் சுருண்டு கிடந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன், மூச்சுவிடாமல் குடித்தார். கேனில் மிஞ்சியதையும் இவர் தனக்கே கொடுத்துவிட்டதாகக் கிலாங் சொன்னான், அது என்னவோ தனக்கு வரவேண்டிய மரியாதை மாதிரி.

"மச்சான், ஒரு இளநீ குடிச்சிருக்கலாம்ல?" என்றான் லெவி.

"சாசிடா" என்றார். இவர் ஒரே வார்த்தையில் பேச்சை முடித்து நான் பார்த்ததில்லை.

லெவி தன் பெண்டாட்டியிடம் சொல்லியிருப்பான். தோப்பில் இளநீர் பறிபோனது பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. முடிந்தது. குடில்களுக்குப் பூட்டு, எனக்குச் சோரோங் சந்தை. அந்தச் சாக்கடை நாற்றம் இப்போதே மூக்கில் ஏறுகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் மூப்பர் மிக்கேல் எழுந்து, தோப்பில் கை வைத்தது யார் என்று கேட்டார். கிலாங் கடைசி வரிசையில் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தான். இவர் எழுந்தார்.

"நான்தான்யா பறிச்சேன். தாகம் தாங்கல."

ஒரே முணுமுணுப்பு. இவருக்கு மரம் ஏற வராது. ஊருக்கு அது சந்தேகம், எனக்கு நிச்சயம். ஆளுயரத்துக்கு மேல் போனால் இவருக்குக் கால் உதறும். வீட்டுக் கூரைக்கு ஓலை போட்டதே நான். இவர் சொன்ன அத்தனை பொய்யிலும் இவர் வீரன். இந்த ஒன்றில்தான் திருடன்.

மூப்பர் என் பக்கம் திரும்பினார். "ஒக்தோவினா, நீ பொய் பேசமாட்டே. ஒம் புருஷன் தென்னை ஏறுவானா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டவரே, உம்முடைய வீட்டில் நின்றுகொண்டு.

"ஏறுவாருங்கய்யா" என்றேன். "நல்லாவே ஏறுவாரு."

குடிலுக்காகச் சொன்னேனா, இவருக்காகவா? தெரியவில்லை. சபைக்கு முன்னால் முழங்கால் போட்டு இவர் மன்னிப்புக் கேட்டார். தோப்பு திறக்கும்போது அறுவடையில் இவருக்கு இடமில்லை என்று தீர்ப்பு. அதைப் படம் பிடிக்கலாமா என்று என்னிடம் வந்து கேட்டான் கிலாங். நான் பார்த்த பார்வையில் கைபேசி பைக்குள் போய்விட்டது.

அக்டோபர் 13

தொலைந்தான். படகுத்துறையில் நின்று, ஆளில்லாத் தீவில் தன்னந்தனியாக உயிர் பிழைத்ததாகக் கைபேசியிடம் சொன்னான். தன்னந்தனியாக. இவர் அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் கடலில் காறித் துப்பிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 21

மூப்பர் பெண்டாட்டி வாசலில் வந்து நின்றாள். "ஒம் வீட்டுக்காரர்தான் நல்லா ஏறுவாராமே. எங்க கொல்லைத் தேங்காயைப் பறிச்சுக் குடுக்கச் சொல்லேன்." குத்தலா, நிஜமாகவே கேட்டாளா, முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை. இவர் முகம் வெளுத்தது. ஆனாலும் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"அவருக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு நானே போனேன், ஏறினேன். இவரும் பின்னாலேயே வந்தார்.

மட்டைக்குள் போய்க் கீழே பார்த்தால், இவர் இரண்டு கையாலும் அடிமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் விழுந்துவிடக் கூடாதாம். அடியில் பிடித்தால் உச்சியில் இருப்பவள் விழமாட்டாளா? இப்படியும் ஒரு மடையர்.

பறித்து முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் மேலேயே உட்கார்ந்திருந்தேன். பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.