ஹீட்டர் போடாத வண்டி

நகோயா, பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

ஆப்பிள் மரங்கள் பனியில் புதைந்திருக்கும். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

ஹைபிரிட் வண்டியில் ஹீட்டர் போட்டால் எஞ்சின் ஓடிப் பெட்ரோல் குடிக்கும். அதைத் தவிர்க்க, புகைக்குழாய்ச் சூட்டை உள்ளே கொண்டுவரும் பாகத்தை மூன்று வருடமாக உருவாக்குகிறேன். அது இல்லாவிட்டால் எவ்வளவு குடிக்கும் என்று காட்டத்தான் போன வாரம் அது பொருத்தாத வண்டியைப் பனியில் ஓட்டினேன். குளிரைப் பொறுத்துக்கொள்ளும் நம் வீட்டுப் பழக்கம், கை ஹீட்டர் பக்கம் போகவே இல்லை. கால் மரத்துப்போய், வண்டியைப் பனிமேட்டில் முட்டினேன். பயப்படாதீர்கள், அடி பம்பருக்குத்தான்.

ஹீட்டர் ஓடாததால் லிட்டருக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் வந்துவிட்டது. மேலாளர் குரோய்வா சிரித்தார்.

"அப்புறம் உன் பாகம் எதுக்குய்யா? தூக்கிடு, விலை குறையும். உங்க ஊர்க்காரங்களுக்குத்தான் குளிரே உறைக்காதே!"

மறுபடி ஓட்டுகிறேன் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை முடிவு செய்கிறார்கள்.

கம்பெனி சோதனைக்காக உங்களிடம் விட்டிருக்கும் வண்டிக்கு அதற்குள் கேள்வித்தாள் வரும். போர்வை போர்த்திக்கொண்டு ஓட்டுகிறீர்களாம், அம்மா சொன்னாள். வழக்கம்போல 'பரவாயில்லை' என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன், குளிர்கிறது என்று எழுதுங்கள்.

கம்பளிக் காலுறை இருந்தால் ஒரு ஜோடி அனுப்புங்கள். இந்த அறையில் எனக்கும் குளிர்கிறது அப்பா. இதோ, நான் எழுதிவிட்டேன்.

தெத்சுயா