ஒருபோதும் கட்சி மாறாதவர்

அக்கா,

காலையில் கட்சி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்றைப் பிரித்ததும் அச்சு மை வாசம் வீடெல்லாம் பரவியது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். இந்த வாசத்தோடு நாம் இரண்டு பேரும் எத்தனை படிகள் ஏறி இறங்கியிருப்போம்!

நீங்கள் கண்மூடியதால் காலியான கவுன்சிலர் இடத்துக்கு இப்போது இடைத்தேர்தல். நிற்பது நான். நோட்டீஸில் என் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், "ஒருபோதும் கட்சி மாறாதவர்". அது யாரைக் குத்துகிறது என்று இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். போட்ட தேநீர் ஆறிக் கிடக்கிறது.

ஒரு வாசலில் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்பது கட்சிக் கட்டளை. நீங்களோ, நாம் புலம்பெயர்ந்து வந்த இந்த நோர்பரியில் எந்தத் தமிழ் வீட்டுக் கதவு திறந்தாலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவீர்கள். "தேத்தண்ணி குடிக்காமல் வோட்டுக் கேக்க ஏலாது தம்பி." நான் வெளியே குளிரில் விறைத்து, உங்களை மனதுக்குள் திட்டிக்கொண்டு நிற்பேன்.

முதியோர் பகல் நிலையத்தை மூட, அப்போது ஆட்சியிலிருந்த நம் கட்சி முடிவெடுத்தபோது சபையில் எதிர்த்துக் கை தூக்கினீர்கள். கட்சி உங்களை ஒதுக்கியது. அடுத்த கிழமையே எதிர்க்கட்சிப் பக்கம் போய் உட்கார்ந்தீர்கள். பிறகு, தேநீர் குடித்த வீடுகளுக்கெல்லாம் அதைச் சொல்லத் திரும்பப் போனீர்கள். யார் கூப்பிட்டும் உள்ளே போகவில்லை. என் வீட்டுக்கு வந்த அன்று நல்ல மழை.

"உள்ளுக்கு வாங்கோ அக்கா."

"இல்லைத் தம்பி. நீ உள்ளுக்கு விட்டது உன்ரை கட்சிக்காரியை. நான் மாறிட்டன். அதைக் கேட்ட பிறகும் கூப்பிட்டியெண்டால் வாறன்."

நான் கூப்பிடவில்லை. துரோகம் என்று தெருவே கேட்கக் கத்தினேன். தலை குனியாமல் முழுவதையும் கேட்டீர்கள். "ஓம், உனக்குக் கோவம் வரத்தான் செய்யும். எண்டாலும் நான் செய்தது சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

பின்னர் உங்கள் புதுக் கட்சியினர் ஆட்சிக்கு வந்து, நாம் மூடி முடிக்காமல் விட்ட அதே நிலையத்தை மூடினார்கள். அங்கேயும் நீங்கள் எதிர்த்துக் கை தூக்கினீர்களாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கட்சிக்குள் இருந்தே சண்டை பிடித்திருக்கலாம். நீங்கள் செய்தது பிழை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மத்தியானம் தேர்தல் பொறுப்பாளரைப் போனில் பிடித்தேன். "அந்த வரியை எடுங்கோ."

"அண்ணை, அதிலைதான் வோட்டே இருக்கு. அவதான் இல்லையே, ஆருக்கு நோகப்போகுது?"

எனக்குப் பொறுக்கவில்லை. "எடுக்க ஏலாதெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ" என்று வைத்துவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. போனையே பார்த்துக்கொண்டு கூடத்துக்கும், தேநீர் ஆறிக் கிடக்கும் குசினிக்கும் நடக்கிறேன்.

கட்சியை விட்டுப் போனதை என் முகத்துக்கு நேரே சொன்னீர்கள். துரோகம் என்று நானும் உங்கள் முகத்துக்கு நேரேதான் சொன்னேன். இனி அதை நோட்டீஸில்கூடச் சொல்ல எனக்கு வாய் வராது அக்கா. நான் செய்தது சரிதான் என்று திருப்பிச் சொல்ல நீங்கள் இல்லையே.