முனிக்கு விட்ட குஞ்சு

கோல சிலாங்கூர்
14.7.1986

அன்பு மகள் கங்காவுக்கு அப்பா காளியண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பாலனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு இப்போது வேறு நினைப்பில்லை. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது பாதிதான் உண்மை, அதனால் மீதியையும் எழுதிவிடுகிறேன். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மாதப் பிறப்புக்கே ஜொகூருக்கு வந்து கூட இருப்பதாகச் சொன்ன அம்மா ஏன் இன்னும் வரவில்லை, என்மேல் கோபமா, மாப்பிள்ளை வீட்டில் யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா என்று கேட்டிருந்தாய். கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உன் அம்மா ஒரு கோழிக்குஞ்சை விட்டுவிட்டு வர முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். சிரிக்காதே, நானும் முதலில் சிரித்துத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டாக்டர் உன்னை நடமாடக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று சொன்னதாக எழுதியிருந்தாய் அல்லவா, அன்றைக்கே உன் அம்மா முனீஸ்வரர் கோயிலுக்கு ஓடினாள். முதல் பிள்ளையைப் பறிகொடுத்ததுபோல் இதுவும் ஆகிவிடக் கூடாது, குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் சேவல் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டு, அப்போதுதான் பொரித்திருந்த குஞ்சுகளில் துடிப்பாக ஓடிய கறுப்புக் குஞ்சைப் பிடித்துக்கொண்டு போனாள். பூசாரி செல்லன் அதன் காலில் மஞ்சள் நூலைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அது சேவலா பெட்டையா என்று அந்த முனிக்கே தெரிந்திருக்காது, அது வேறு விஷயம். நேர்ந்து விட்டதற்கு அந்த நூல்தான் அடையாளம், வேண்டுதல் முடியும்வரை அவிழ்க்கக் கூடாது என்பது நம் தோட்டத்து லயத்து வழக்கம், உனக்கும் தெரியும். வளர்ந்த சேவலுக்குக் கட்டினால் ஒன்றும் ஆகாது. குஞ்சுக்குக் கட்டினால் குஞ்சு வளரும், நூல் வளருமா? இது எனக்கும் தோன்றவில்லை, உன் அம்மாவுக்கும் தோன்றவில்லை, கோயில் வேலையிலேயே தலை நரைத்த செல்லனுக்கும் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் குஞ்சு நொண்ட ஆரம்பித்தது. பிறகு இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி மூடி ஒரே இடத்தில் நின்றது. மற்றக் குஞ்சுகள் சும்மா விடுமா, கொத்திக் கொத்தி முதுகைப் புண்ணாக்கிவிட்டன, தாய்க்கோழியும் சேர்க்கவில்லை. உன் அம்மா பால் டின் வந்த அட்டைப்பெட்டியில் என் பழைய கைலியை விரித்து, அதைத் தனியாக அடுப்போரம் சூடு படுகிற இடத்தில் வைத்தாள். குருணையை ஊறவைத்து நசுக்கி விரல் நுனியில் ஊட்டுவாள், மஞ்சள் கலந்த தண்ணீரைத் துணியில் நனைத்து அலகில் சொட்டுவாள், பூண்டை இடித்துக் கொடுப்பாள். வயிற்றுக் கோளாறு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒரு நாள் தின்னும், மறுநாள் கழுத்தைத் தொங்கப் போட்டுவிடும். அது கண்ணை மூடும்போதெல்லாம் உன் அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. இது போனால் கங்கா பிள்ளைக்கு ஆகாதுங்க, இதை இப்படிப் போட்டுவிட்டு நான் எப்படி பஸ் ஏறுவேன் என்று அழுதாள். அவளுக்கு விரதம் வேறு. பாசிர் பெனம்பாங் மீன்துறைக்குப் போய் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி வந்தேன், நம் வீட்டுச் சட்டியைப் பார்க்காமலே அது பக்கத்து வீட்டு இராஜம்மாவிடம் போய்விட்டது.

போன வாரம் இராஜம்மாவோடு உன் அம்மா டவுனுக்குப் போயிருந்த நேரத்தில் நான் பெட்டியைத் துடைக்கலாம் என்று குஞ்சை எடுத்தேன். கால் வீங்கி நீலம் பாரித்து இருந்தது. நூலைக் காணோம். உற்றுப் பார்த்தால் சதைக்குள்ளே புதைந்து கிடக்கிறது. நான் யாரையும் கேட்கவில்லை, சவரம் செய்கிற பிளேடை எடுத்து மெதுவாக அறுத்துவிட்டேன். புண்ணில் வேப்பெண்ணெய் வைத்தேன். உன் அம்மா வந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. அறுந்த நூலைப் பொறுக்கித் துணியில் முடிந்து சாமி படத்தின் அடியில் வைத்துவிட்டு, என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோற்றுத் தட்டு மட்டும் டொக்கென்று என் முன்னால் வரும், போகும்.

அதற்குப் பிறகு குஞ்சு கொஞ்சம் தெளிந்தது, தானாகவே குருணை பொறுக்குகிறது. ஆனால் விரல்கள் செத்துவிட்டன, கால் இனி ஊன்றாது. செல்லனைக் கேட்டதற்கு, குறையுள்ளதை முனிக்குக் கொடுக்கக் கூடாது, நேர்ந்ததை மாற்றி வேறு கொடுக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார். அதோடு உன் அம்மா முழுசாக ஒடிந்து போனாள். நான் என்ன செய்வேன் சொல். மறுநாள் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றிப் போகிற வழியில் லோரியைக் கோயிலோரம் நிறுத்தினேன். உன் முதல் பிள்ளை போனதிலிருந்து நான் அந்த எல்லைக்குள் கால் வைத்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்று, நூலை அறுத்தது நான்தான், என் மகளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, குஞ்சின் காலுக்குப் பதில் கால்தான் வேண்டும் என்றால் என் காலை எடுத்துக்கொள், பிள்ளையை விட்டுவிடு என்று சொன்னேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் கூட்டிக்கொண்டிருந்த செல்லன் காதில் விழுந்து, நான் வீடு திரும்புவதற்குள் செய்தி உன் அம்மாவுக்குப் போய்விட்டது.

வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். லோரி ஓட்டுற மனுசன் காலையா கொடுப்பீங்க, வேற ஒன்னும் கெடைக்கலையாலா உங்களுக்கு என்று ஒரு பாட்டு விட்டாள். அத்தனை நாள் கழித்துப் பேசியது அதுதான். பிறகு எண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து, என் காலை இழுத்து மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. இப்போது கூத்து என்னவென்றால், உன்னிடம் வர வேண்டும், ஆனால் காலை நேர்ந்துவிட்ட மனிதனைத் தனியே விட்டுவிட்டு வர மாட்டாளாம். குஞ்சைப் பார்த்ததுபோல் என்னையும் பார்க்கிறாள்.

அதனால் நானும் சேர்ந்து வருகிறேன். வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம் லீவு சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை புறப்படுகிறோம். குஞ்சைச் செல்லன் ஏற்றுக்கொண்டார். வெட்டத்தான் ஆகாது, கோயிலில் வளரலாம், சாமியின் குஞ்சைச் சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னார். உன் அம்மா பெட்டியோடு கொடுத்துவிட்டு, எதை எப்போது ஊட்ட வேண்டும் என்று அந்த மனுஷனை அரை நாள் பாடாய்ப் படுத்தினாள்.

அம்மா கங்கா, உன் வீட்டுப் பக்கம் நான் ஏன் வருவதே இல்லை என்று மாப்பிள்ளை ஒருமுறை கேட்டார், வேலை என்று சொல்லி மழுப்பினேன். வேலை இல்லை. உன் முதல் பிள்ளையை அடக்கத்துக்கு என் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு அந்த வாசலைத் தாண்டிப் போனவன் நான், மறுபடி அதே வாசலில் நுழைய எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, வராமல் இருக்கத்தான் முடியவில்லை.

தண்ணீர் வாளியைத் தூக்காதே, மருந்தை வேளைக்குச் சாப்பிடு, அம்மா வந்ததும் குஞ்சு பேச்சை நீயாக எடுக்காதே. மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசிகள். குழந்தை எப்படிப் பிறக்குமோ என்று கண்டதையும் நினைத்துக் கலங்காதே. குறையில்லாதது முனிக்குத்தான் வேண்டும், எனக்கு வேண்டாம். எப்படி இருந்தாலும் கொண்டு வந்து என் கையில் கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. காளியண்ணன்