உன் வண்டிக்குக் கண்ணாடி மாற்றினோம், தம்பி

என் செல்லத் தம்பி சங்கரா,

உன் காரில் இனி மழைத் தண்ணீர் ஒழுகாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிறேன். நேற்று முழுக்க உன் அத்தானோடு மல்லுக்கட்டியதில் தோள்பட்டை இரண்டும் விட்டுப்போய்விட்டன.

முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் இற்றுப்போனது உனக்குத் தெரியும். தெரிந்தும் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தாய். சவாரிக்கு வந்தவர்கள் கால் நனைந்து கேட்டால், "அது ஏசி தண்ணி, அண்ணாச்சி" என்பாயாம். உன் வண்டியில் ஏசி ஏது? சங்கரன்கோவில் ஸ்டாண்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத டிரைவர் இல்லை.

உனக்கென்று குடும்பம் இல்லாததால் வண்டி என் பொறுப்பில் நின்றது. இந்த ஐப்பசி மழையில் கண்ணாடியிலும் கீறல் ஓடி, உள்ளே குளம் கட்டிவிட்டது. விற்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். நான் ஒருத்தி எத்தனையைத்தான் கட்டிக்காப்பது?

"விக்க வேண்டாம். நானே மாட்டுதேன்" என்றார் உன் அத்தான்.

நம்ப முடியவில்லை. அந்த வண்டியில் ஒருநாளும் கால் வைக்காத மனிதர். புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்கு நீ காலி வண்டியில் போகிற அன்றும் அவர் பஸ்ஸில் நின்றுகொண்டு போவார்.

எல்லாம் என் மகள் சடங்கில் வந்த வினை. தாய்மாமன் நீ பனவடலிசத்திரத்துச் சவாரியை முடித்துவிட்டு வருவதற்குள், நல்ல நேரம் போகிறதென்று அவர் நம் சித்தி மகனை வைத்து மாமன் சீரை முடித்துவிட்டார். நீ சீர்த்தட்டோடு வாசலில் நின்றாய். அன்றோடு நின்றது உங்கள் பேச்சு.

அப்புறம் நான்தானே உங்களுக்குத் தபால்காரி. "ஒன் தம்பிட்ட சொல்லு, வண்டிய வாசல மறிச்சுப் போடக் கூடாதுன்னு." "அக்கா, அத்தான்ட்ட கேளு, வயித்துவலி தேவலையான்னு." இரண்டு பேரும் ஒரே முற்றத்தில் நின்றுகொண்டுதான். மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, உங்களுக்கு அலுக்கவில்லை. எனக்கு அலுத்துப்போனது, தம்பி. நெஞ்சுவலியில் நீ போய்ச்சேர்ந்தபோதும் அந்தப் பேச்சு அப்படியே கிடந்தது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. அவர்மேலும்தான்.

நேற்றுக் காலையில் பழைய ரப்பரை பிளேடால் அறுத்தார். உள்ளே உட்கார்ந்து அவர் காலால் மெல்ல உந்த, வெளியே நின்று கண்ணாடியை நான் வாங்கிக்கொண்டேன். துருவைச் சுரண்டினோம். புது ரப்பரைப் புதுக் கண்ணாடிக்கு மாட்டி, அதன் பள்ளத்துக்குள் சுற்றிலும் நைலான் கயிற்றைக் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவித் தூக்கிவைத்தோம். அவர் உள்ளேயிருந்து கயிற்றை இழுக்க இழுக்க ரப்பர் தகரத்தின்மேல் ஏறி உட்கார வேண்டும். வெளியேயிருந்து நான் அமுக்க வேண்டும்.

"அங்கன இல்லட்டி, மேல அமுக்கு."

"அமுக்கிட்டுதான இருக்கேன்."

நழுவி நழுவி, ஒருவழியாக மத்தியானத்துக்கு மேல் உட்கார்ந்தது. ஒழுகுகிறதா என்று பார்க்க அவர் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். உன் இருக்கையில் உட்காரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தொட்டியில் மொண்டு குடம் குடமாகக் கண்ணாடியில் ஊற்றினேன். வழிகிற தண்ணீருக்கு அந்தப்பக்கம் அவர் வாய் அசைந்தது. ஒழுகுகிறது போலிருக்கிறது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற என் உடம்பில் தெம்பில்லை. குடத்தை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

"என்ன சொல்லுதீய? ஒழுகுதா?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. நீ உட்கார்ந்து ஓட்டுகிற இடத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒங்கிட்ட பேசல. நீ கதவச் சாத்து."

சாத்தினேன். குடத்தை எடுத்து மறுபடியும் ஊற்ற ஆரம்பித்தேன். தண்ணீர் நின்றால் அவர் பேச்சும் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. தொட்டி காலியாகிற வரைக்கும் ஊற்றினேன்.

என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன், இது சத்தியம். வண்டியையும் விற்க மாட்டேன். பதில் இருந்தால் நீயே அவரிடம் சொல்லிக்கொள்.

இனி யாருக்கும் தூது போகாத,
உன் அக்கா