கிணறு இருந்தது, ஆள் இல்லை

காலையில் அச்சகத்திலிருந்து பள்ளி நிலப்பட நூலின் சரிபார்ப்புத் தாள்கள் வந்தன. பிரித்ததும் மை வாசனை. உடனே உன் ஞாபகம். நீ இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நம் அலுவலகம் அப்படியேதான் இருக்கிறது. புதிய பதிப்புக்காக உலகின் வறண்ட நிலங்கள் பக்கத்தை மறுபடி நான்தான் பார்க்கிறேன்.

முந்தைய பதிப்பின்போது இந்தப் பக்கம் உன்னிடம் இருந்தது. பெய்யும் மழையையும் ஆவியாகும் நீரையும் ஒப்பிட்டு, நிலத்தை நான்கு வகையாகப் பிரித்து வண்ணமும் தீட்டிவிட்டாய். ஒவ்வொரு வகையிலும் யார் வாழ்கிறார்கள் என்று எழுத வேண்டிய இடத்தில்தான் இழுத்தடித்தாய்.

"படத்துல கெணறு இருக்கு, மக்கள்தொகை அட்டவணையில ஆளே இல்லைங்கிறான். அப்போ யாரு தண்ணி எறைச்சா? எனக்குச் சந்தேகமா இருக்கு லா," என்றாய்.

எனக்கோ உன் மேல்தான் சந்தேகம். தலைமைப் பதிப்பாசிரியர் பதவிக்கு நாம் இருவரும் போட்டியில் இருந்தோம். நூலுக்குப் பொறுப்பு நான்; தாமதமானால் கெட்ட பேர் எனக்கு. நீ தே தாரே குடிக்கக் கூப்பிட்டால்கூட எதற்காக இருக்கும் என்று யோசித்தேன். கடைசியில் முதலாளியிடம் போய், "வேணும்னே லேட் பண்றா, பாஸ்" என்றேன். அவர் பக்கத்தை என்னிடம் கொடுத்தார். மிக வறண்ட நிலத்துக்கு எதிரே "மக்கள் இல்லை" என்று எழுதி அச்சுக்கு அனுப்பினேன். பதவியும் எனக்கே வந்தது. அடுத்த மாதம் நீ கிள்ளானில் ஒரு லோரி கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாய்.

இன்று அந்தப் பழைய அட்டவணையை எடுத்தேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: கணக்கெடுத்தது கிணறுகள் வற்றும் மாதங்களில். ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு எல்லோரும் ஆற்றோரம் போயிருந்த சமயம். மழை வந்ததும் திரும்பியிருப்பார்கள். நீ கேட்டது சரியான கேள்வி. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"மேய்ச்சலோடு இடம் மாறி வாழ்பவர்கள்" என்று திருத்திவிட்டு, பண்டமாரானில் இருக்கும் உன் கணவருக்குப் போன் செய்தேன். முதலாளியிடம் கோள் சொன்னதையும் மறைக்கவில்லை.

"அது அவளுக்கு அப்பவே தெரியும்க்கா. கடைசி வரைக்கும் உங்கள பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசல. விடுங்க," என்றார்.

அதையும் என்னால் நம்ப முடியவில்லை. என் மனம் நோகக் கூடாதென்று சொல்கிறாரோ? கோபத்தை நீ அவரிடமே மறைத்துவிட்டாயோ? ஒரே ஒரு முறை என் முகத்துக்கு நேராகத் திட்டியிருக்கலாம் நீ. அதை நம்பியிருப்பேன்.