காய்ச்சல் இல்லாத நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவுக்குக் காலையில் 98.2, மாலையில் 98.4. கோடு போட்ட தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அப்பாவைப் போலக் கல்லீரல் சுருங்கியவர்களைக் கிருமிகள் சுலபமாகத் தாக்கும் என்று நூலகப் புத்தகத்தில் படித்ததிலிருந்து இந்த ஏற்பாடு. "வீட்டுக்குள்ளயே ஒரு டாக்டரம்மா! இனி தும்மக்கூட பயமா இருக்கு" என்று அப்பா கேலி செய்தார். வயிற்றில் நீர் கோத்து, சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் போட முடியவில்லை.

மார்ச் 6, வியாழன்

லேத் பட்டறையில் நூலிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற அப்பா, இன்று இடக்காலில் வலச்செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். என்ன கிழமை என்று கேட்டேன். யோசித்து, "சம்பளக் கிழமை" என்றார். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் காய்ச்சல் இல்லையே?

மார்ச் 7, வெள்ளி

கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவசரப் பிரிவுக்குப் போனோம். அப்பா தள்ளாடினார், நாக்குக் குழறியது. பணியில் இருந்த டாக்டர் எட்டி நின்றே, "எத்தனை ரவுண்டு பெரியவரே?" என்றார். வரிசையே சிரித்தது.

"அப்பா குடிச்சதே இல்ல சார். சின்ன வயசுல வந்த மஞ்சள் காமாலைக் கிருமி, அதான் கல்லீரல் கெட்டுப்போச்சு."

"எல்லா வீட்லயும் இதான்மா சொல்றாங்க."

என் தாளை நீட்டினேன். "நீயே எழுதியிருக்கியே, காய்ச்சல் இல்லைன்னு! தூங்கினா தெளிஞ்சிடும், கூட்டிட்டுப் போ."

வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்ன படித்தார் இவர்? — நான் மட்டும் என்ன படித்துக் கிழித்தேன்? என் தாளைக் காட்டியே எங்களை அனுப்பிவிட்டாரே!

மார்ச் 8, சனி

"யாரும்மா நீ?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

அம்மா கல்லீரல் பிரிவின் பெரிய டாக்டரம்மா அறை வாசலில் போய் நின்றுகொண்டாள். "பார்க்காம நகர மாட்டேன்." டாக்டரம்மா உடனே அப்பாவின் வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்தார். கலங்கலாக இருந்தது.

மாலையில் முடிவு: வயிற்று நீரில் கிருமித் தொற்று. குடலிலிருந்து கசிகிற கிருமிகளை நல்ல கல்லீரல் பிடித்துவிடுமாம், சுருங்கிய கல்லீரலால் முடியாதாம். காய்ச்சலே வராமல், புத்தி தடுமாறுவது மட்டுமே அறிகுறியாக இருக்கலாமாம். "நேத்தே நீர் எடுத்துப் பார்த்திருக்கணும்" என்றார். நேற்றே!

மார்ச் 10, திங்கள்

நரம்பில் மருந்து ஏறுகிறது. அப்பா கண் திறந்தார், மூடிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். அவருக்கும் இதே தொற்று. "குடிச்சிட்டு வந்திருக்கான்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க பாப்பா" என்றார் அவர் மனைவி. டிரைவர் நிஜமாகவே குடித்தவர். அவர் வேறு, என் அப்பா வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

பக்கத்துக் கட்டில் காலி. டிரைவரின் மனைவி அழுதபடி போனார்; விரிப்பை மாற்றிவிட்டார்கள்.

மார்ச் 14, வெள்ளி

மருத்துவமனைத் தலைவருக்கு எழுதிய புகாரை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் வரி: 'என் அப்பா குடிப்பழக்கம் இல்லாதவர்.'

"அந்த வரிய எடுத்துடு."

"ஏம்ப்பா? உண்மைதானே?"

"உண்மைதான். குடிச்சவனா இருந்தா வயித்தத் தொட்டுப் பார்க்க வேணாமா?"

எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார்! சந்தோஷப்பட முடியாமல் எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

அந்த வரியை அடித்துவிட்டேன். 'ஒரு நோயாளி' என்ற இடத்தில் 'இரண்டு நோயாளிகள்' என்று திருத்தினேன். டிரைவரின் மனைவியும் கையெழுத்துப் போடுவாரா? நாளை நர்ஸ் அக்காவிடம் அவர் விலாசம் கேட்க வேண்டும்.